களைக்கொத்துக்கு ஒரு பிடி

கோடை விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊர்த் தச்சு ஆசாரி தன் பட்டறையைப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டார். ஒரு காலத்தில் ஏரும் மாட்டுவண்டியும் செய்த பட்டறை. டிராக்டர் வந்த பிறகு கதவு, ஜன்னல் வேலைதான்.

"உளி பட்டு விரல் போயிடாதா, ஆசாரியண்ணே?" என்று ஒரு தாய் தயங்கினார்.

"மழுங்கின உளிதாம்மா வழுக்கிக் கையில ஏறும். கூரான உளியா குடுக்குறேன். இன்னொரு கை உளிக்கு முன்னால போகாம நான் பாத்துக்குறேன்."

அவருடைய பத்து வயது மகள், வீட்டுக் களைக்கொத்துக்குப் பிடி செய்ய உட்கார்ந்தாள். காய்ந்த கருவேலங்கட்டையைச் செதுக்கி, இழைப்புளியால் இழைத்தாள். கொத்தில் செருகி அடித்ததும் பிடி முறிந்தது. கண்ணில் நீர் முட்டியது. ஆசாரி திட்டவில்லை. முறிந்த இடத்தைக் காட்டினார். நார் குறுக்கே ஓடியிருந்தது.

"நீளவாக்குல நார் ஓடுற கட்டையா நீயே எடு, பாப்பா."

எடுத்தாள். சாயங்காலம் பிடி இறுகி நின்றது.

கைத்தொழில் வழியே பாடம் கற்பிக்கும் ஆதாரக் கல்வியை 1937-ல் வார்தா மாநாட்டில் காந்தி முன்வைத்தார். அளப்பதில் கணக்கும், நாரைப் பார்ப்பதில் அறிவியலும் அந்தப் பட்டறையிலேயே இருந்தன.

மறுநாள் அந்தத் தாய் களையெடுக்கக் கொண்டுபோனது மகள் பிடி போட்ட கொத்தைத்தான்.

உங்கள் பக்கத்திலும் ஓர் ஆசாரி இருப்பார். நாலைந்து வீடுகள் சேர்ந்து அவருடைய ஒருநாள் கூலியைக் கொடுத்து, பட்டறையைத் திறக்கச் சொல்லுங்கள். பழுதான பிடிகளைப் பிள்ளைகள் கையில் கொடுத்தனுப்புங்கள்.