பவழமல்லி பூக்குற மாசம்

போடி பக்கம் பவழமல்லி வளர்க்கிறீங்களா? ஐப்பசி, கார்த்திகை விடியல்ல வாசல் பூரா மணக்கும். ராத்திரி மலர்ந்து, காலையில உதிர்ற பூ.

வளர்க்கிறது சுலபம். நல்ல வெயில், தண்ணி தேங்காத மண் போதும். கிளை நுனியிலதான் பூ வரும். அதனால பூத்து முடிஞ்சதும் கவாத்து பண்ணுங்க, புதுக்கிளை நிறைய வெடிக்கும்.

இனி டாக்டரா ஒரு விஷயம். இது பூக்குற வடகிழக்குப் பருவமழைக் காலம்தான் டெங்கு கூடுற காலமும். தொட்டிக்கு அடியில இருக்குற தட்டைப் பாருங்க. அதுல நிக்கிற கொஞ்சத் தண்ணி போதும், ஏடிஸ் கொசு முட்டை போட. முட்டை கொசுவாக 7-10 நாள்தான். வாரம் ஒருதடவை தட்டைக் கொட்டி, நார் போட்டுத் தேய்ச்சுக் கழுவுங்க. சும்மா கொட்டினா பத்தாது. ஓரத்துல ஒட்டின முட்டை காய்ஞ்சாலும் மாசக்கணக்கா தாங்கும்.

"இதோட இலைக் கஷாயம் டெங்குவுக்கு நல்லதாமே டாக்டர்?"

காய்ச்சலுக்கு இதைக் குடிக்கிறது பழைய வழக்கம்தான். ஆனா டெங்குவைக் குணமாக்கும்னு உறுதியான ஆதாரம் இல்ல. அதை நம்பி வீட்டுலயே இருக்குறதுதான் ஆபத்து.

டெங்குல காய்ச்சல் விடுற நேரம்தான் கண்டம். பெரும்பாலும் 3-லேர்ந்து 7-ஆம் நாளுக்குள்ள. கடுமையான வயித்துவலி, விடாத வாந்தி, ஈறுல ரத்தம், அசதி எது வந்தாலும் உடனே ஜி.ஹெச். வாங்க. ஐபுப்ரோஃபன், டைக்ளோ மாத்திரை நீங்களா வாங்கிப் போடாதீங்க. காய்ச்சல் விட்டுருச்சுன்னு மறுநாளே ஏலத்தோட்டத்து ஜீப்ல ஏறிடாதீங்க. மேல போயிட்டா இறங்கி வர்றதுக்குள்ள நேரம் போயிடும்.

இடம் இருந்தா செடியைத் தரையிலயே நடுங்க. தட்டே வேண்டாம்.