ஒரு காலைப் பாடல் கடந்து வந்த வழி



‘மார்னிங் ஹேஸ் புரோக்கன்’ பாடலை நம் ஆங்கில ஆராதனையில் பாடலாமா என்று சிலர் தயக்கத்தோடு கேட்டிருக்கிறீர்கள். அதை உலகறியச் செய்த கேட் ஸ்டீவன்ஸ் 1977-இல் இஸ்லாத்தைத் தழுவி, யூசுஃப் இஸ்லாம் என்று பெயர் மாற்றிக்கொண்டவர். தயக்கத்தின் காரணம் அதுவே. நியாயமான கேள்விதான்; ஆனால் பாடல் அவரிடம் தொடங்கவில்லை.

ஸ்காட்லாந்தின் மல் தீவில், புனெசன் என்ற சிற்றூருக்கு அருகே மேரி மெக்டொனால்டு (1789–1872) என்ற எளிய விவசாயக் குடும்பத்துப் பெண் வாழ்ந்தார். முன்னணையில் கிடத்தப்பட்ட பாலகனைக் குறித்துத் தம் தாய்மொழியாகிய கேலிக்கில் ஒரு பாடல் இயற்றி, அந்நாட்டுப்புற மெட்டொன்றில் அமைத்தார். 1888-இல் லாக்லன் மக்பீன் அதை ஆங்கிலத்தில் பெயர்த்தபோது, மெட்டுக்கு அவ்வூரின் பெயரே நிலைத்தது.

ஆங்கிலிக்கன் குருவானவர் பெர்சி டியர்மர், ‘சாங்ஸ் ஆஃப் பிரெய்ஸ்’ என்ற தமது பாடல் நூலின் 1931-ஆம் ஆண்டுப் பதிப்புக்காக, ஒவ்வொரு நாளுக்கும் நன்றி கூறும் பாடலொன்றை இம்மெட்டில் எழுதித் தரும்படி எலினோர் ஃபார்ஜனைக் கேட்டார். குழந்தைகளுக்காக எழுதிவந்த அவர், இன்றைய விடியலை ஏதேனின் முதல் விடியலோடு இணைத்து மூன்றே சரணங்களில் முடித்தார். அவருடைய தகப்பனார் யூதர். அவர் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்க்கப்பட்டதோ 1951-இல், எழுபதாம் வயதில். சபையார் அவர் எழுதிய துதியை ஏற்கெனவே இருபது ஆண்டுகளாகப் பாடிக்கொண்டிருந்தார்கள்! இந்தக் கணக்கு என்னை வெகுநேரம் யோசிக்க வைத்தது.

கேட் ஸ்டீவன்ஸ் 1971-இல் ‘டீசர் அண்ட் த ஃபயர்கேட்’ இசைத்தட்டுக்காக இதைப் பதிவு செய்தார். அவர் தகப்பனார் சைப்ரஸ் நாட்டு ஆர்த்தடாக்ஸ் சபையார், தாயார் சுவீடனைச் சேர்ந்த பாப்டிஸ்ட், படித்ததோ கத்தோலிக்கப் பள்ளி. புதுப் பாடல்கள் வராமல் தவித்த நாட்களில் ஒரு பாமாலைப் புத்தகத்தில் இதைக் கண்டெடுத்தார். பாடல் மிகச் சிறியது, இசைத்தட்டுக்குப் போதாது. ஆகவே ரிக் வேக்மன் என்ற இளம் பியானோ கலைஞர் முன்னிசையும் இடையிசையும் சேர்த்தார். முதல் சரணம் முடிவில் மீண்டும் பாடப்பட்டது. அந்தப் பியானோ இசையைக் கேட்டவுடனே பாடல் இன்னதென்று கோடிக்கணக்கானோர் அறிவார்கள். ஆனால் இசைத்தட்டின் உறையில் வேக்மன் பெயர் இல்லை. (ஆலயத்தில் ஆர்மோனியம் வாசிப்பவர்கள் பெருமூச்சு விடுவது எனக்குக் கேட்கிறது.) 1972-இல் அமெரிக்க பில்போர்டு பட்டியலில் அது 6-ஆம் இடத்தை எட்டியது. பிற்பாடு நீல் டயமண்ட் முதலிய பலரும் பாடினார்கள்.

என் கருத்தைக் கேட்டால், தாராளமாகப் பாடலாம் என்பேன். ஒருவர் சபைக்குள் வருமுன்னே எழுதினார். ஒருவர் வேறு வழியில் செல்லுமுன்னே பாடினார். இருவர் வாயிலும் துதி சிருஷ்டிகருக்கே உரியதாக இருந்தது. எரேமியாவின் புலம்பல் 3-ஆம் அதிகாரத்தை எண்ணிப் பாருங்கள். பாழாய்ப்போன எருசலேமின் நடுவிலிருந்து, காலைதோறும் புதிதாகிற இரக்கத்தைப் பற்றிய அறிக்கை பிறந்தது. எரிந்த நகரத்திலும் விடிந்தது. அதைக் கண்டவர் துதித்தார். மரண வீடுகளிலும் இப்பாடலை ஆங்கிலேயர் பாடுவதன் காரணம் இதுவாக இருக்கலாம்.

எனக்கோ அந்த மல் தீவுத் தாயின் மேல் தனிப் பிரியம். வருகிற கிறிஸ்து பிறப்பு ஆராதனையில் அவருடைய பாலகன் பாடலை இதே மெட்டில் பாடும்படி பாடகர் குழுவினரிடம் சொல்லியிருக்கிறேன்; ஒத்திகை நவம்பரில் தொடங்கும்.