விடுபட்ட மதிப்பும் நிரலின் கடமையும்

தனக்கு வேண்டிய ஒரு மதிப்பு தரப்படாதபோது நிரல் என்ன செய்ய வேண்டும்? சிறியதாகத் தோன்றும் இக்கேள்வியில் ஆய்வின் நம்பகத்தன்மையே தங்கியிருக்கிறது என்று கருதுகிறேன்.

எங்கள் ஆய்வகத்தில், பட்டம் பெற்றுச் சென்ற ஒருவர் எழுதிய பைத்தான் நிரல் இன்றும் கைமாறி வருகிறது. இயக்கியதும் 'வெப்பநிலை?', 'துகள்களின் எண்ணிக்கை?' என ஒவ்வொன்றாகக் கேட்கும். எதிரே ஆள் இருக்கும்வரை அதில் குறையில்லை. இளைய ஆய்வு மாணவி ஒருவர் அதைப் பொதுக் கணினித் தொகுதியின் ஸ்லர்ம் வரிசையில் சேர்த்தார். இரண்டு நாள் காத்திருந்து முறை வந்தது. விடை சொல்ல அங்கே எவரும் இல்லை; உள்ளீடு இல்லையென்ற பிழையுடன் வேலை உடனே நின்றது.

கேள்விகளை நீக்கிவிட்டு, 300 கெல்வினை இயல்பு மதிப்பாக வைத்துவிடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். நின்றுபோன வேலையால் இழப்பு இரண்டு நாள். தவறான வெப்பநிலையில் ஓசையின்றி ஓடி முடியும் வேலையோ ஆய்வேட்டின் ஓர் இயலையே பொய்யாக்கிவிடும்.

இருவரும் அமர்ந்து நிரலைத் திருத்தினோம். பைத்தானுடனேயே வரும் ஆர்க்பார்ஸ் வழியாக ஒவ்வொரு மதிப்பையும் கட்டளை வரியிலேயே தர வகை செய்தோம். ஒன்று விடுபட்டால், உள்ளீடு முனையத்தோடு இணைந்துள்ளதா என்பதை ஐஸ்அட்டி கொண்டு நிரல் அறியும். இணைந்திருந்தால் கேட்கும், இல்லையெனில் எது விடுபட்டது என்பதைப் பிழைவெளியீட்டில் எழுதி, சுழியமல்லாத குறியீட்டுடன் வெளியேறும். இதில் ஒரு நுட்பம் உண்டு: சுழியமும் ஒரு விடையே. விடுபட்டதா என்பதை 'நன்' என்னும் வெறுமையோடு ஒப்பிட்டே முடிவு செய்ய வேண்டும். இல்லையேல் 0 என்று தந்தவரிடமும் நிரல் மீண்டும் கேட்கும்.

கடவுச்சொல் மட்டும் இதற்கு விலக்கு. பலர் பகிரும் கணினியில் கட்டளை வரியில் எழுதியதைப் பிறர் 'பிஎஸ்' கட்டளையால் பார்த்துவிட இயலும். அதனைத் திரையில் காட்டாமல் கேட்டுப் பெற கெட்பாஸ் இருக்கிறது.

இறுதியாக ஒன்று. கேள்விக்குத் தட்டச்சு செய்த விடை, கட்டளை வரலாற்றில் பதிவாவதில்லை. ஆகவே எவ்வழியில் வந்த மதிப்பாயினும், கடவுச்சொல் நீங்கலாக, முடிவுக்கோப்பின் தலைப்பில் அதை நிரலே எழுதிவைக்கட்டும். 'இந்த எண் எங்கிருந்து வந்தது?' என வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் வினவும்போது, நம் நினைவைக் காட்டிலும் அவ்வரிகள் உறுதியாக விடை சொல்லும்.