சுடாத மண்

தீபாவளிச் சந்தையில் 'சுடுமண் ஜிமிக்கி' என்று பலகை வைத்து நான் விற்றது சுடுமண் அல்ல. சூளையையே பார்க்காத, காய்ந்த மண். தெரிந்தேதான் விற்றேன்.

ஸ்கூடாயில் எங்களுடையது வரிசை வீடு. பின்கட்டில் துணி உலர்த்தவே இடம் பத்தாது, சூளையை எங்கே கட்டுவது? மண்ணைப் பிசைந்து, குடை குவித்து, பல்குச்சி முனையால் பூக்கோலம் கீறி, நிழலில் உலர்த்துவேன். பிறகு கேக் அடுப்புக்குள் வைப்பேன். அது 250 டிகிரியோடு நின்றுவிடும். களிமண் தன் இயல்புக்குள் கட்டிவைத்திருக்கும் நீரை முழுக்க விட்டு, இனிமேல் சேறாகவே முடியாது என்ற நிலைக்கு வர 600 டிகிரியாவது வேண்டும். நல்ல சுடுமண்ணை 900, 1000 வரைக்கும் சுடுவார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை. மேலே காவி நிற அக்ரிலிக் பூசி, அதற்கு மேல் வார்னிஷ் அடித்தால் பார்வைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. வார்னிஷ் மிச்சமாகட்டும் என்று குடையின் உட்புறத்தை மட்டும் விட்டுவிடுவேன். யார் கவிழ்த்துப் பார்க்கப் போகிறார்கள்?

சூளைக்கு வழியே இல்லை என்றும் சொல்ல முடியாது. நெடுஞ்சாலையில் வடக்கே போனால் ஆயர் ஈத்தாம். பானையும் சாடியும் வாசலில் அடுக்கிய கடைகள். பக்கத்தில் மச்சாப்பில் நீண்டு கிடக்கும் டிராகன் சூளை. மண்ணை நெருப்புக்குக் கொடுத்தே பிழைக்கும் ஊர்கள். ஒரு நடை போய், 'என் காதணிகளையும் சேர்த்துச் சுட்டுத் தருவீர்களா' என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சூளையில் வைத்தால் பாதி வெடித்துவிடும், மீதியில் பாதி கோணிக்கொள்ளும். உண்மையைச் சொன்னால், அந்த நட்டத்துக்குத்தான் பயந்தேன்.

இதில் இன்னும் கூசுவது ஒன்று உண்டு. ஒவ்வொரு ஜோடியோடும் 'கீழடி மரபு' என்று அச்சடித்த அட்டை ஒன்றைச் செருகினேன். வைகைக்கரைக் கீழடியில் தோண்டியெடுத்த சுடுமண் மணிகளும் காதணிகளும் இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் மண்ணுக்குள் ஈரத்தில் கிடந்தும் கரையவில்லை. செய்தவர் முறையாகச் சுட்டிருந்தார், அதனால்தான் 2023இல் திறந்த அருங்காட்சியகத்தில் அவற்றைக் கண்ணாடிக்குப் பின்னால் வைக்க முடிந்தது. என்னுடையது ஸ்கூடாய் மழை ஒன்றைத் தாங்காது. தாங்கவும் இல்லை. ஓர் ஆசிரியை சந்தன நிறப் பட்டு ரவிக்கையைக் கொண்டுவந்து காட்டினார். தோளில் செம்மண் ஒழுகியிருந்தது. "ரவிக்கைச் சாயம்தான் போயிருக்கும் டீச்சர், கடைக்காரரைக் கேளுங்க" என்றேன். நம்பித் திரும்பிப் போனார்.

சந்தை அலுத்து, கலைக்கூடம் என்ற ஆசை வந்தது. சுற்றுவட்டாரச் சிற்றூர்களில் இருந்த கூடங்களுக்கெல்லாம் போனேன். சுவரில் இருந்த ஓவியங்களை நின்று பார்த்ததாக நினைவில்லை. நகைப்பேழையில் ஒட்டியிருந்த விலைச்சீட்டுகளைத்தான் படித்தேன். அப்படி ஒரு கூடத்தில் (ஊரைச் சொல்லப்போவதில்லை) விண்ணப்பத் தாள் தந்தார்கள். விற்றால் பாதிக்குப் பாதி, விற்காவிட்டால் பொருள் திரும்ப வரும். 'செய்பொருள், செய்முறை' என்ற கட்டத்தில் 'களிமண், சூளையில் சுட்டது' என்று முத்துமுத்தாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

கூடத்தை நடத்தும் சீன அம்மையார் ஜிமிக்கியை எடுத்ததுமே கவிழ்த்தார். "இனி பாக்கார் டி மானா?" எங்கே சுட்டது என்று கேட்கிறார். ஆயர் ஈத்தாம் என்றேன், இமைக்காமல். தண்ணீர்ப் புட்டியைச் சாய்த்துக் கட்டைவிரலை நனைத்தார், குடையின் உட்புறத்தை மெல்லத் தேய்த்தார். விரல் நுனி சிவந்தது, சேறு வழவழத்தது. திட்டவில்லை. விண்ணப்பத் தாளை என் பக்கம் நகர்த்தி, பேனாவை அதன் மேல் வைத்து, திருத்தி எழுதிக் கொடு, பிறகு பார்க்கலாம் என்றார் மலாயில்.

இரண்டே சொல்லை அடித்திருந்தால் போதும். அடிக்கவில்லை. பெட்டியை மூடிக்கொண்டு வெளியே வந்தேன். அத்தோடு திருந்தினேனா என்றால் அதுவும் இல்லை. மிச்சமிருந்த சரக்கை அந்தத் தீபாவளிக்கு, அதே பலகையின் கீழ், அதே அட்டையோடு விற்றுத் தீர்த்தேன். ஒரே மாற்றம், குடையின் உட்புறத்துக்கும் வார்னிஷ் அடித்தேன்.

அந்த ஆசிரியையைப் பிற்பாடு தேடிப் போய்ச் சொல்லிவிட்டேன். ரவிக்கைக் காசை வாங்கிக்கொண்டார். என்னோடு பேச்சு இல்லை. அது அவர் உரிமை.

மற்றவர்களின் முகவரி என்னிடம் இல்லை. ஸ்கூடாய்ப் பக்கச் சந்தையில் 'கீழடி மரபு' என்ற அட்டையோடு ஜிமிக்கி வாங்கியவர் யாராவது இதைப் படித்தால், கொக்கி மாட்டிய இடத்தை ஈரப் பஞ்சால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். பஞ்சு சிவந்தால் அது என் கைவேலை. கொண்டுவாருங்கள், கொடுத்த வெள்ளியை அப்படியே திருப்பித் தருகிறேன். ரசீது வேண்டாம், நான் கொடுத்ததும் இல்லை.