பித்தளைக் கழுத்து

துப்பாக்கிக்கும் எனக்கும் இருந்த உறவு தீபாவளிப் பொட்டு வெடியோடு முடிந்துவிட்டது. அப்படிப்பட்ட நான், அமெரிக்காவில் மொன்டானா மாகாணத்தில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது, பக்கத்து வீட்டுக் கிழவரின் கார் ஷெட்டில் உட்கார்ந்து தோட்டாவின் கழுத்தைப் பற்றிப் பாடம் கேட்டேன்.

சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டை அவர் எறிவதில்லை. புது மருந்தும் புதுக் குண்டும் வைத்து மறுபடி உபயோகிக்கிறார். வெடிக்கும்போது கூடு உப்பி, அந்தத் துப்பாக்கியின் அறைக்குச் சட்டை தைத்தாற்போல் பொருந்திவிடுகிறதாம். ஆனால் கழுத்தும் அகன்றுவிடுவதால் குண்டு நிற்காது. ஆகவே கழுத்தை மட்டும் இறுக்குகிறார். உடம்பைத் தொடாததால் பித்தளைக்கு அலுப்புக் குறைவு. இப்படியே சில தடவை போனால் கூடு அறைக்குள் நுழைய முரண்டு பிடிக்கும். அப்போது முழுவதையும் அமுக்கித்தான் ஆகவேண்டும்.

அவரிடம் இருந்தது சுத்தியலால் தட்டுகிற 'லீ லோடர்'. அவருடைய தகப்பனார் வாங்கிக் கொடுத்தது. இப்போது விரல் மூட்டுகள் வீங்கி, சுத்தியல் நழுவுகிறது. "போதும், நிறுத்திவிடுங்கள்" என்று மகள் சொல்லியாயிற்று. அவள் சொல்வதும் நியாயம்தான். மருந்தின் எடை தப்பினால் துப்பாக்கியே வெடிக்கும்.

கிழவர் இரண்டு கருவிகளைப் பார்த்து வைத்திருந்தார். ஒன்று, விரல்களைப்போல் கழுத்தைச் சுற்றிப் பிடித்து, நடுக்கம்பியின்மேல் அமுக்குவது. எண்ணெய் தடவ வேண்டாம். ஆனால் எவ்வளவு அழுத்துவது என்பது கைப்பழக்கம். மற்றதில் எஃகு வளையம் மாற்றலாம். குண்டு வைத்த கழுத்தை அளந்து, அதைவிட அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்கு சிறிய வளையமாகப் பார்த்துப் போடவேண்டும். இதற்குக் கண் வேண்டும். கையா, கண்ணா? இரண்டுமே அவரைக் கைவிட்டுக்கொண்டிருந்தன.

பேச்சை மாற்ற எண்ணி, மேஜையில் கிடந்த கூடு ஒன்றை எடுத்தேன். கழுத்தில் மயிரிழைபோல ஒரு விரிசல். எனக்குக் கும்பகோணத்துக் கன்னார் ஞாபகம் வந்தார். தட்டத் தட்டப் பித்தளை முறுக்கிக்கொள்ளும். அவர் அதை நெருப்பில் காட்டி இளக்கிவிட்டுத்தான் மறுபடி தட்டுவார்.

"நெருப்பில் காட்டுவதில்லையா?" என்றேன்.

கிழவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கழுத்தை மட்டும் காட்டவேண்டும். உங்கள் தேசத்தில்தான் வெள்ளைக்காரப் பட்டாளம் அதைக் கற்றுக்கொண்டது, தெரியுமா?" என்றார். மழைக் காலத்தில் குதிரை லாயத்தின் பக்கம் வைத்திருந்த தோட்டாக்கள் சுடாமலே விரிந்துபோயினவாம். லாயத்திலிருந்து வந்த அம்மோனியாதான் காரணம் என்று 1921-ல் கண்டுபிடித்தார்கள். அடடா, குதிரை மூத்திரத்துக்கும் ஒரு சரித்திரம்!

அந்தச் சமயம் அவருடைய பேத்தி உள்ளே வந்தாள்; பதினைந்து வயதிருக்கும். அளவுகோலை எடுத்துக் கழுத்தைப் பிடித்து, எண்ணைப் படித்தாள். கிழவர் எழுதிக்கொண்டார். மீண்டும் அளக்கச் சொன்னார். அதே எண். வளையக் கருவிதான் என்று தீர்மானமாயிற்று. மருந்தையும் இனி அவள் நிறுத்துப் பார்த்த பிறகே போடுவது என்று மகளிடம் சமாதானம் பேசிக்கொண்டார்கள்.

விரிந்த கூட்டை எனக்கே கொடுத்துவிட்டார். விமான நிலையத்தில் யாருக்கு விளக்கம் சொல்வது? தங்கையிடம் விட்டுவந்தேன். அதில் அவள் ஊதுவத்தி செருகி வைத்திருக்கிறாளாம்.