தொட்டுத் திருத்துகிற வேலை

ஜிம்மில் என்னை 'மாஸ்டர்' என்று கூப்பிடுகிறார்கள். சிலர் 'கோச்' என்பார்கள். என் நைனாவை ஒருத்தரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. 'டேய் லோடு' என்பதுதான் அவருக்குப் பேர். இரண்டு பேருக்கும் எடையோடு மல்லுக்கட்டுகிற வேலைதான். அவர் சால்ட் கோட்டர்ஸ் கூட்ஸ் ஷெட்டில் மூட்டை சுமந்தார். நான் அண்ணா நகரில் ஏசி போட்ட ஒரு ஜிம்மில், காசு கட்டி எடை தூக்க வருகிறவர்களுக்கு எப்படித் தூக்குவது என்று சொல்லிக் கொடுக்கிறேன். பதினோரு வருஷம் ஆகிறது.

இந்த வேலை எப்படி நடக்கிறது என்று வெளியில் பலருக்குத் தெரியாது. ஜிம்மில் ட்ரெயினர் இரண்டு தினுசு. எல்லாரையும் பொதுவாகப் பார்த்துக்கொள்கிற ஃப்ளோர் ட்ரெயினருக்கு மாதச் சம்பளம். அதை வைத்துக்கொண்டு வாடகை கட்டினால் அரிசி வாங்க முடியாது. பர்சனல் ட்ரெயினர், பி.டி. என்பார்கள், ஒரே ஆளோடு ஒரு மணி நேரம் கூடவே நிற்கிறவன். அதற்கு அந்த ஆள் தனியாகப் பணம் கட்டவேண்டும். பாதி முதலாளிக்கு, பாதி எனக்கு. காலை ஐந்துக்கு ஷட்டரைத் தூக்கினால் பத்து வரைக்கும். சாயங்காலம் நாலரையிலிருந்து இரவு பத்து. பி.எஃப். கிடையாது, ஈ.எஸ்.ஐ. கிடையாது. காய்ச்சல் என்று ஒரு வாரம் படுத்தால் நம்ம ஆட்கள் அடுத்த ட்ரெயினரிடம் போயிருப்பார்கள். ஊரார் உடம்பைக் கட்டுகிறவன் உடம்புக்கு ஒன்றும் வரக்கூடாது.

டெட்லிஃப்ட் என்று ஒரு பயிற்சி. தரையில் கிடக்கிற கம்பியைக் குனிந்து பிடித்து நிமிர்வது. முதுகு வளையக் கூடாது, இடுப்பு பின்னால் போகவேண்டும், பாதம் முழுசும் தரையில் அழுந்தவேண்டும். பத்துத் தடவை தூக்கிவிட்டு இரண்டு மூன்று நிமிஷம் ஓய்வு. ஒரு நாள் நைனாவுக்கு போனில் வீடியோ காட்டினேன்.

"இன்னாடா இது, இத்தினியூண்டு தூக்கிட்டு குந்திக்கினு கீறான்?"

"தூக்கும்போது சதை கிழியுது நைனா. ஓய்வுலயும் சாப்பாட்டுலயும்தான் வளரும். ரெண்டு நாள் விட்டுத்தான் மறுபடி அதே பயிற்சி."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அதான் எனக்கு வளர்ல" என்றார்.

சிமெண்ட் மூட்டை 50 கிலோ. ஒரு வேகனில் ஆயிரம் மூட்டைக்கு மேல் வரும். பத்துப் பேர் செட் என்று வைத்தாலும் ஆளுக்கு நூறு நடை, 5,000 கிலோ. அப்போதெல்லாம் அரிசி மூட்டை 75 கிலோ, சர்க்கரை மூட்டை 100 கிலோ. ஒரு ஆண் தொழிலாளி 55 கிலோவுக்கு மேல் சுமக்க விடக்கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967லேயே பரிந்துரை செய்திருக்கிறது. நைனாவுக்கு அது தெரியாது, மேஸ்திரிக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் கூட்ஸ் ஷெட்டுக்கு வரவில்லை. இன்றைக்கு நைனாவின் பிடரியில் சும்மாடு வைத்த இடத்தில் கொட்டைப்பாக்கு மாதிரி ஒரு கட்டி. இரண்டு முட்டியும் போய்விட்டது. அதே எடைதான். அண்ணா நகரில் அது ஒருத்தரைக் கட்டுகிறது, கூட்ஸ் ஷெட்டில் ஒருத்தரைத் தேய்த்தது.

என் உடம்பைப் பார்த்து, "என்ன பவுடர் மாஸ்டர் போடுறீங்க?" என்று கேட்காத ஆள் இல்லை. பவுடரும் இல்லை, ஊசியும் இல்லை. புளியந்தோப்பில் எங்கள் ஆயா ஆக்கிப் போட்ட பெரிய கறி. நூறு கிராம் கறியில் இருபது கிராமுக்குக் குறையாமல் புரதம் இருக்கிறது. ஒரு முட்டையில் ஆறு கிராம்தான். ஆட்டுக்கறி வாங்க வக்கில்லாத வீட்டில் பிள்ளைகளுக்கு எலும்பும் சதையும் வைத்தது அதுதான். கேட்கிறவர்களிடம் சொல்லியும் இருக்கிறேன். 'பீஃப்' என்று சொன்னால் அமெரிக்காவில் எல்லாரும் அதுதானே என்று தலையாட்டுகிறார்கள். 'மாட்டுக்கறி' என்று சொன்னால் முகம் மாறுகிறது. 2021இல் 'சார்பட்டா பரம்பரை' படம் வந்த பிறகு கொஞ்ச நாள், "உங்க ஏரியாதானே மாஸ்டர், பாக்ஸிங்லாம் கத்துக்குடுப்பீங்களா?" என்று தோளில் கை போட்டார்கள். அதுவும் போய்விட்டது.

இந்த வேலையில் வாயால் சொல்லிக் கொடுப்பது கால்வாசிதான். மீதி கைதான். தோள்பட்டையைப் பிடித்துக் கீழே இறக்கவேண்டும். முதுகில் விரலை வைத்து, 'இந்த இடம் வேலை செய்யணும்' என்று காட்டவேண்டும். மார்புக்கு மேல் கம்பியோடு மல்லாந்து கிடக்கிறவர் தலைமாட்டில் நின்று, கை நடுங்கினால் பிடித்துக்கொள்ளவேண்டும். அந்த நேரத்தில் அவர் உசிர் என் கையில். அப்போது யாரும் என் தெருவைக் கேட்பதில்லை. வியர்வை நாற்றத்தோடு இத்தனை சாதி உடம்பையும் தொட்டுத் திருத்தியிருக்கிறேன். தீண்டாமை எங்கே போய்விட்டது என்று நானே நினைத்ததுண்டு. அது எங்கேயும் போகவில்லை, கைக்கும் வாய்க்கும் நடுவில் உட்கார்ந்திருந்தது.

2022இல் என்னிடம் பயிற்சி எடுத்த ஒரு ஆடிட்டர், தன் அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆகியிருக்கிறது, பிசியோதெரபி முடியப் போகிறது, அப்புறம் வீட்டுக்கு வந்து நீங்கள்தான் நடக்க வைக்கவேண்டும் என்று கேட்டார். நல்ல பணம். போனேன். முதல் நாளே வீட்டம்மா, "தம்பி எந்த ஏரியா?" என்று கேட்டார்கள். "புளியந்தோப்பு." "புளியந்தோப்புல எங்க?" நம்ம ஆட்களுக்கு இந்த இரண்டாவது கேள்வி தெரியும். சொன்னேன்.

பெரியம்மா நல்லவர். வலியில் என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார். குதிகாலை இழுத்து முட்டியை மடக்கவேண்டும், காலை நீட்டியபடி தூக்கவேண்டும், நாற்காலியில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழுந்திருக்கவேண்டும். மூன்று வாரத்தில் பால்கனி வரைக்கும் நடந்தார். பயிற்சி முடிந்ததும் எனக்குக் காபி வரும், பேப்பர் கப்பில். கொரோனா பயம் இன்னும் போகாத சமயம், சரி என்று குடித்தேன். ஆனால் பிசியோதெரபிஸ்ட் கடைசி நாள் வந்தபோது அவருக்கு டபரா டம்ளர். கேஸ் போட வந்தவருக்குப் பேப்பர் கப். வேலை செய்கிற அக்காவுக்குத் துணி துவைக்கிற இடத்தில் ஒரு பிளாஸ்டிக் டம்ளர்.

ஒரு நாள் சாதாரணமாகத்தான் கேட்டேன். "டம்ளர்லயே குடுங்கம்மா, கப்புல சீக்கிரம் ஆறிடுது." மறுநாள் எவர்சில்வர் டம்ளர் வந்தது. குடித்துவிட்டுக் கவிழ்த்தேன். அடியில் சிவப்பு நெயில் பாலீஷில் ஒரு பொட்டு. அதற்கடுத்த நாளும் அதே டம்ளர், அதே பொட்டு.

கிரிக்கெட்டில் பல்வங்கர் பாலு என்று ஒருவர். சாமர் சாதியில் பிறந்தவர். 1890களில் பூனாவில் வெள்ளைக்காரர்களின் கிளப்பில் மாதம் நாலு ரூபாய்க்கு ஆடுகளத்தை உருட்டிச் சீர்படுத்துகிற வேலை பார்த்தார். துரைமார் பழகுவதற்காக வலைக்குள் மணிக்கணக்காகப் பந்து வீசியதும் அவர்தான். மட்டையை அவர் கையில் கொடுத்ததில்லை. இன்றைக்கு நான் பார்க்கிற வேலையை அன்றைக்கே பார்த்தவர் என்று அவரைச் சொல்வேன். பிறகு இந்து அணிக்கு அவர் இல்லாமல் முடியாது என்றானது. அவர் தொட்ட பந்தை எல்லாரும் தொட்டார்கள். ஆனால் தேநீர் இடைவேளையில் அவருக்குக் கட்டடத்துக்கு வெளியே மண் குவளையில் தேநீர். மற்றவர்களுக்கு உள்ளே பீங்கான் கோப்பை. 1911இல் இங்கிலாந்துக்குப் போய் 114 விக்கெட் எடுத்த பிறகும் அவரை இந்து அணிக்குத் தலைவராக்கவில்லை. 1937 தேர்தலில் அவரை அம்பேத்கருக்கு எதிராக நிறுத்தினார்கள் என்பது வேறு வயிற்றெரிச்சல். நம் ஊர் டீக்கடைகளின் இரட்டைக் குவளையைப் பற்றி இந்தப் பக்கங்களில் நிறைய எழுதியாயிற்று. பித்தளையோ சிரட்டையோ பேப்பரோ, குவளைதான் மாறிக்கொண்டு வருகிறது.

ஆடிட்டரிடம் ஜிம்மில் வைத்தே சொன்னேன்.

"இனிமே வீட்டுக்கு வரல சார். டம்ளர்ல பொட்டு வச்சிருக்கீங்க, அதான்."

அவருக்கு உடனே புரிந்துவிட்டது. "பழைய காலத்து மனுஷங்க மாஸ்டர், விடுங்க" என்றார்.

"பழைய மனுஷிக்குக் குனியவே முடியாது சார். பொட்டு வச்சது அவங்க இல்ல."

மறுநாளிலிருந்து அவர் வேறு ட்ரெயினரிடம் மாறிக்கொண்டார். கூடவே அவருடைய நண்பர் ஒருவரும். மாதம் பதினாலாயிரம் போச்சு. முதலாளி கூப்பிட்டு, "கஸ்டமர்கிட்ட இதெல்லாமா பேசுவ? அவர் உன்னை அடிச்சாரா, திட்டினாரா?" என்று கேட்டார். அடிக்கவில்லை, திட்டவுமில்லை. எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இலிருந்து இருக்கிறது. ஒரு சொட்டு நெயில் பாலீஷை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனால் எழுதிக்கொள்வார்களா? வக்கீல் தோழர்கள்தான் சொல்லவேண்டும்.

போன பணத்தைச் சேர்க்க எட்டு மாதம் ஆனது. அந்த எட்டு மாதமும் என் மனைவி ஒரு வார்த்தை கேட்கவில்லை. சீட்டு மட்டும் கட்டாமல் நின்றது. பெரியம்மா இப்போது கீழே இறங்கி வருகிறாரா என்று சில நாள் நினைத்துக்கொள்வேன்.

ஞாயிற்றுக்கிழமை ஜிம் லீவு. எங்கள் தெருவில் தெருக்கூட்டுகிற வேலையிலும் மூட்டை வேலையிலும் முட்டி தேய்ந்தவர்கள் ஏராளம். இவர்கள் பக்கம் எந்த பி.டி.யும் வந்ததில்லை. போன வருஷத்திலிருந்து காலையில் ஏழெட்டு ஆயாக்களை உட்கார வைத்து, அண்ணா நகரில் செய்த அதே பயிற்சியைச் செய்ய வைக்கிறேன். நாற்காலி பற்றாது. சர்ச்சிலிருந்து இரண்டு பெஞ்சு இரவல். பத்துத் தடவை எழுந்து உட்காரச் சொன்னால் ஆறிலேயே நின்றுகொண்டு பேச ஆரம்பித்துவிடுவார்கள். காலைப் பிடித்து மடக்கினால், "கைய எடுறா, நோவுது" என்று தலையில் ஒரு தட்டு. நைனா வரமாட்டார். திண்ணையில் உட்கார்ந்து எண்ணிக்கை மட்டும் சொல்வார், அதுவும் தப்பாக.