சப்சிடி வண்டிக்கு ஒரு ரேட்

ஒரு வண்டியின் ரிப்பேர் செலவை எது தீர்மானிக்கிறது? தேய்ந்துபோன பாகம்தான் என்று நாம் நினைக்கிறோம். என் சித்தி மகனின் குட்டி யானையோடு இரண்டு மாதம் பட்டறை பட்டறையாக ஏறி இறங்கிய பிறகு எனக்கு வேறு மாதிரி தோன்றுகிறது. வண்டியை ஜாக்கியில் ஏற்றுவதற்கு முன்பே ஆளை ஏற இறங்கப் பார்த்து ஒரு கணக்குப் போடப்படுகிறது. மெக்கானிக் விஷயம்தானே என்று தாண்டிப் போய்விடாதீர்கள் தோழர்களே. தாட்கோ கடனில் வண்டி எடுத்து ஓட்டும் பிள்ளைகள் நம் தெருக்களில் நிறைய இருக்கிறார்கள். அவர்களில் ஒருவன் உங்கள் தம்பியாகவும் இருக்கலாம்.

தம்பிக்கு இருபத்தாறு வயது. திண்டிவனம் பக்கம் காய்கறி லோடு அடிக்கிறான். கோடையில் தர்பூசணி வந்துவிட்டால் ராத்திரியோடு ராத்திரியாகக் கோயம்பேடு போய் வருவான். வண்டி இடது பக்கமாக இழுக்க ஆரம்பித்தது. முன்பக்க இடது டயர் உள்விளிம்பில் மட்டும் மொட்டையாகத் தேய்ந்து கம்பி தெரிந்தது. புது டயர் போட்டான். நாலு மாதத்தில் அதுவும் அதே இடத்தில் தேய்ந்தது. டயர் காசு போக மிச்சம் இருப்பதில்தான் பத்தாம் தேதி வங்கித் தவணை கட்ட வேண்டும்.

பைபாஸ் ஓரத்தில் கம்ப்யூட்டர் அலைன்மெண்ட் போர்டு வைத்த பெரிய ஒர்க்‌ஷாப் ஒன்றுக்கு முதலில் தனியாகப் போனான். பத்து நிமிடத்தில் வாய்க்கணக்காக 16,800 ரூபாய் என்றார்கள். கிங்பின் கிட் கூலியோடு 5,200, டை ராடு எண்ட் இரண்டும் 2,600, கேம்பர் கரெக்‌ஷன் 3,500, ஆக்ஸில் பெண்ட் எடுக்க 4,000, அலைன்மெண்ட்டும் பாலன்சிங்கும் 1,500. இவன் கொஞ்சம் குறைக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறான். லோன் எங்கே வாங்கியது என்று பேச்சு போய், தாட்கோ என்று இவன் சொன்னதும் அங்கிருந்த மேனேஜர் சிரித்துக்கொண்டே சொன்னாராம்: "சப்சிடி வண்டிதான? அப்புறம் இன்னாப்பா கணக்குப் பாக்குற?"

இந்த ஒரு வாக்கியத்தைப் பற்றி ஒரு ஆய்வேடே எழுதலாம். தாட்கோ தொடங்கியது 1974இல். அதன் மூலம் வண்டி வாங்குகிறவருக்கு மானியமாகக் கிடைப்பது விலையில் ஒரு பகுதி. மீதி வங்கிக் கடன், வட்டியோடு கட்ட வேண்டியது. டீசலுக்கு மானியம் கிடையாது, இன்சூரன்ஸுக்குக் கிடையாது, டயருக்கும் கிடையாது. ஆனால் ஊர்ப் பேச்சில் அது சும்மா வந்த வண்டி. சும்மா வந்தவனிடம் கொஞ்சம் கூடுதலாக வாங்கினால் தப்பில்லை என்ற நியாயமும் அந்தச் சிரிப்போடு சேர்ந்தே வருகிறது.

அடுத்த சனிக்கிழமை நானும் கூடப் போனேன். ஆபீஸிலிருந்து நேராகப் போனதால் தேய்த்த சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. "வாங்க சார், உள்ள உட்காருங்க" என்று கண்ணாடி அறைக்குள் நாற்காலி போட்டார்கள். தம்பி வண்டிக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டான். அவனை யாரும் உட்காரச் சொல்லவில்லை. என்னென்ன வேலை, எதற்கு எவ்வளவு என்று தனித்தனியாகப் பேப்பரில் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டேன். வந்த பேப்பரில் 9,300 இருந்தது. கேம்பர் கரெக்‌ஷனும் ஆக்ஸில் பெண்டும் காணவில்லை. கேட்டால், "அன்னிக்குப் பையன் தப்பா சொல்லிட்டாப்ல சார்" என்றார். இடைப்பட்ட நாளில் வண்டிக்கு அடியில் ஒருவரும் படுத்துப் பார்க்கவில்லை. மாறியது கேட்ட ஆள் மட்டும்தான்.

சாதியா, சட்டையா, படிப்பா என்று பிரித்துச் சொல்லச் சொன்னால் என்னால் சொல்ல முடியாது. யாரும் வாய்திறந்து சாதியைச் சொல்லவில்லை. சொல்லாமலே நடப்பதால்தான் நிரூபிப்பது கஷ்டமாக இருக்கிறது. சமூகவியல் படிக்கும் தோழர்களுக்கு இதற்கு ஒரு வழிமுறை தெரிந்திருக்கும். இயன் அயர்ஸ், பீட்டர் சீகல்மேன் இருவரும் சிகாகோவில் கார் ஷோரூம்களுக்கு ஆட்களை அனுப்பிச் சோதித்து, 1995இல் அந்த ஆய்வை வெளியிட்டார்கள். எல்லோருக்கும் ஒரே பயிற்சி, பேரம் பேச ஒரே வசனம். அப்படியும் வெள்ளை ஆண்களுக்குச் சொன்னதைவிடக் கறுப்பின மக்களுக்கும் பெண்களுக்கும் கூடுதல் விலை சொல்லப்பட்டது. அமெரிக்காவிலேயே பிறகு இன்னொரு ஆய்வு, இது ரிப்பேர் பற்றியே. பட்டறைகளுக்குப் போன் போட்டு ரேடியேட்டர் மாற்ற எவ்வளவு ஆகும் என்று கேட்டார்கள். விலை பற்றி ஒன்றும் தெரியாது என்று சொன்ன பெண்களுக்கு, அதையே சொன்ன ஆண்களைவிட அதிக ரேட். "இவ்வளவு ஆகும் என்று கேள்விப்பட்டேன்" என்று ஒரு தொகையைச் சொல்லிக் கேட்டபோது அந்த வித்தியாசம் மறைந்துபோனது. அந்த இரண்டாவது முடிவைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். நம் தோலையோ தெருவையோ மாற்ற முடியாது. கேட்கும் கேள்வியை மாற்றலாம்.

அதனால் கொஞ்சம் வண்டிப் பாடமும் பார்த்துவிடலாம். அலைன்மெண்ட் என்றால் மூன்று கோணங்கள். முன்சக்கரங்கள் இரண்டும் நம் பாதம் போல உள்பக்கமோ வெளிப்பக்கமோ திரும்பியிருப்பது டோ. முன்னால் நின்று பார்த்தால் சக்கரத்தின் தலை உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருப்பது கேம்பர். சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்ந்திருப்பது போன்ற சாய்வு கேஸ்டர். நாம் குட்டி யானை என்று கூப்பிடும் டாடா ஏஸில் முன்பக்கம் ஒரே கட்டையான ஆக்ஸில், அதன் மேல் பட்டை. கார்களைப் போலச் சக்கரத்துக்குச் சக்கரம் தனி சஸ்பென்ஷன் கிடையாது. ஆகவே இதில் திருகி அட்ஜஸ்ட் செய்யக்கூடியது டோ ஒன்றுதான். அது டை ராடில் செய்யும் வேலை. கேம்பர் அளவு தப்பாகக் காட்டுகிறது என்றால் பெரும்பாலும் கிங்பின், புஷ் தேய்ந்திருக்கும், இல்லை ஆக்ஸில் வளைந்திருக்கும். கிங்பினுக்கும் காசு, ஆக்ஸில் பெண்ட் எடுக்கவும் காசு, இரண்டுக்கும் மேல் கேம்பர் கரெக்‌ஷன் என்று தனியாக 3,500 என்றால், எந்த நட்டைத் திருகுவதற்கு அந்தக் காசு?

இழுப்புக்கெல்லாம் அலைன்மெண்ட்தான் காரணம் என்றும் இல்லை. இரண்டு பக்கமும் காற்று சமமாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு மிஞ்சிப்போனால் பத்து ரூபாய். முன் டயர்களை இடம் வலமாக மாற்றிப் போட்டு ஓட்டினால், இழுப்பும் பக்கம் மாறினால் கோளாறு டயரில். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு இறங்கி, இரண்டு சக்கரத்துக்குப் பக்கத்திலும் கையைக் கொண்டுபோனால் (தொட்டுவிடாதீர்கள், சுட்டுவிடும்) ஒன்று மட்டும் கொதித்தால் பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறது. வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கினால் முதலில் பார்க்க வேண்டியது பாலன்சிங். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்க்காமல் அலைன்மெண்ட் எடுப்பது வீண்; பாகத்தில் ஆட்டம் இருந்தால் இன்று சரிசெய்த அளவு நாளைக்கே மாறிவிடும்.

கடைசியில் வேலையைச் செய்தது லாரி ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு பழைய மெக்கானிக். ஜாக்கி போட்டு ஆட்டினார், இடது பக்கம் கிங்பின்னில் ஆட்டம் நன்றாகவே தெரிந்தது. டை ராடு எண்ட் இரண்டும் நல்லா இருக்கு, தொட வேணாம் என்றார். ஆக்ஸிலையும் பார்த்தார், வளைவு இல்லை. புது கிங்பின் போட்ட பிறகு டயர்களின் நடுவில் சாக்பீஸ் கோடு போட்டு, முன்னால் ஒரு அளவு, வண்டியை அரைச் சுற்று உருட்டி அதே கோடுகள் பின்னால் வந்ததும் ஒரு அளவு. இரண்டுக்கும் உள்ள சில மில்லிமீட்டர் வித்தியாசம்தான் டோ. ஒரு கம்பியும் ஒரு சாக்பீஸும். கிட்டும் கூலியும் 3,900. பிறகு ஒரு டயர் கடையில் 600 கொடுத்து மெஷினில் வைத்துப் பார்த்து, பழைய அளவு, புது அளவு இரண்டும் உள்ள பிரிண்ட் வாங்கினோம். ஆக 4,500.

இதற்காகச் சின்னப் பட்டறையெல்லாம் யோக்கியம், பெரிய ஒர்க்‌ஷாப் எல்லாம் திருட்டு என்று எழுத எனக்கு மனசில்லை. மெஷின் காட்டும் எல்லாவற்றையும் கம்பி காட்டாது. அந்த மெக்கானிக்கும் பில் தரமாட்டார். நாளைக்குப் பிரச்சினை என்றால் நம் கையில் எதுவும் இருக்காது. பெரிய இடத்தில் பேப்பரும் பிரிண்டும் கேட்டு வாங்க முடியும், அது பெரிய விஷயம். கேட்டவனுக்கு மட்டும் தருகிறார்கள் என்பதுதான் என் புகார்.

பில் தராமல் இருப்பது 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. "இது வியாபார வண்டி, உனக்கு நுகர்வோர் சட்டம் பொருந்தாது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சுயதொழில் செய்து தன் பிழைப்புக்காக மட்டுமே ஒருவர் பயன்படுத்துவது வணிக நோக்கத்தில் சேராது என்று அந்தச் சட்டமே விளக்கம் தருகிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை இருந்தால் மாவட்ட ஆணையத்தில் புகார் போடக் கட்டணம் கிடையாது. ஆனால் கையில் ஒரு துண்டுச் சீட்டாவது இருக்க வேண்டும். வாய்க்கணக்கில் 16,800 என்று சொன்னதற்கு எங்களிடம் என்ன சாட்சி?

இப்போது தம்பியின் ஸ்டாண்டில் ஒரு நாப்பது பக்க நோட்டு இருக்கிறது. எந்தப் பட்டறை, என்ன வேலை, எவ்வளவு சொன்னார்கள், எவ்வளவு வாங்கினார்கள், பில் கிடைத்ததா என்று கட்டம் போட்டிருக்கிறார்கள். கட்டங்களை நான்தான் போட்டுக் கொடுத்தேன். கடைசியில் உள்ள கட்டம் மட்டும் தம்பி தானாகவே சேர்த்தது: "கூட யார் போனது?"